இரண்டு வருடம் படித்தேன், ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன்: கார் சர்வீஸ், பாடி ரிப்பேர் பயிற்சி பற்றி

சேர்ந்த புதிதில் எழுதச் சொல்லியிருந்தால் இந்தப் படிப்பைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். முதல் ஆறு வாரம் கைக்கு ஸ்பேனரே வரவில்லை. வெர்னியர், மைக்ரோமீட்டர், டேப், அப்புறம் மறுபடி வெர்னியர். ஒரே பிரேக் டிஸ்க்கின் தடிமனை எட்டு இடத்தில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவன் எழுதியதோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பேரும் முதலில் இருந்து அளக்க வேண்டும். வண்டி பழுதுபார்க்க வந்தோமா, கணக்குப்பிள்ளை வேலைக்கு வந்தோமா என்று புலம்பாத நாளில்லை.

இப்போது படிப்பு முடிந்து ஆறு வருடம். முதல் இரண்டு வருடம் சர்வீஸ் பக்கம் இருந்தேன், அதன்பின் விபத்து வண்டிகளைச் சரிசெய்யும் பாடி ஷாப்புக்கு வந்துவிட்டேன். படித்ததில் எது இன்றுவரை உழைக்கிறது, எது துருப்பிடித்துக் கிடக்கிறது என்று இப்போதுதான் என்னால் சொல்ல முடிகிறது.

அந்த அளவெடுக்கும் வேலையில் இருந்தே தொடங்குகிறேன். பாடி ஷாப்பில் சேர்ந்த வருடம் ஒரு வண்டி வந்தது. வேறெங்கோ முன்பக்கம் அடிபட்டுச் சரிசெய்திருந்தார்கள். புது பம்பர், புது ஃபெண்டர், பெயின்ட் எல்லாம் கண்ணாடி மாதிரி. ஆனால் ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்கிறது, இடது முன் டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்கிறது. வீல் அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தாயிற்று. எல்லோரும் சஸ்பென்ஷனையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் பானட்டைத் திறந்து, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தூரம் அளக்கும் டிராம் கேஜை வைத்து மூலைக்கு மூலை குறுக்காக அளந்தேன். இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் ஒன்றாக இருக்க வேண்டும், 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் விடக் கூடாது என்று படித்திருந்தோம். வந்தது 9. கீழே படுத்துப் பார்த்தால் எஞ்சினுக்குப் பக்கவாட்டில் ஓடும் முன் ரெயிலில் (நீளத் தாங்குசட்டத்தில்) விரல் நகம் நுழையும் அளவுக்கு ஒரு மடிப்பு, அதன்மேல் வண்டியின் அடியில் பூசும் கறுப்பு அண்டர்கோட்டை அப்பியிருந்தார்கள்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. கூடுதான் சேசிஸ். முன்மூலையில் வாங்கிய இடி எங்கே போய் நிற்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. அந்த ரெயில் மடிந்ததும் தற்செயல் இல்லை, மடியத்தான் அதை அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பேலா பாரெனி என்ற பொறியாளர் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். 1959-இல் வந்த மெர்சிடிஸ் காரில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பக்கம் நசுங்கி இடியைத் தின்னும், ஆள் உட்காரும் கூடு நசுங்காது. ஒருமுறை மடிந்த ரெயிலை இழுத்து நிமிர்த்திப் பெயின்ட் அடித்தால் பார்க்க நேராகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த இடியில் மடிய வேண்டிய இடத்தில் மடியாது.

இதை எங்களுக்குப் புரியவைத்த வகுப்பு ஒன்று இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சார் இரண்டு தகட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்தார். ஒன்று பழைய வண்டியின் கதவுத் தகடு, கையாலேயே வளைத்தோம். இன்னொன்று புது வண்டியில் முன், பின் கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூணிலிருந்து வெட்டியது. வைஸில் மாட்டி ஹேக்ஸா போட்டால் பிளேடு வழுக்கிக்கொண்டே போனது, பல்தான் மழுங்கியது. போரான் ஸ்டீல். சுமார் 900 டிகிரிக்குக் காய்ச்சி, அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிரவைத்துச் செய்வது, வலிமை 1500 மெகாபாஸ்கல் பக்கம் வரும். அந்தத் துண்டின் நடுவில் கேஸ் டார்ச்சைக் காட்டிச் செக்கச்செவேல் என்று ஆக்கி, அப்படியே ஆறவிட்டார். ஆறியதும் வைஸில் மாட்டி ஒரு குழாயைச் செருகி அழுத்தினார். காய்ச்சிய இடத்தில் மட்டும் சொன்னபடி கேட்டு வளைந்தது. “வெளியே போனதும் உங்களை இதைத்தான் செய்யச் சொல்வார்கள்” என்றார்.

சொன்னார்கள். பாடி ஷாப்புக்கு வந்த முதல் மாதமே. டிங்கரிங்கில் பழுத்த கை, எங்கள் சீனியர் அண்ணன், “காய்ச்சி இழுத்தா அஞ்சு நிமிஷ வேலைடா தம்பி” என்றார். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை அதே மாதிரி ஒரு தூண் வந்தபோது தயாரிப்பாளரின் ரிப்பேர் மேனுவலை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். சூடு காட்டக் கூடாது, வெட்டி ஒட்டக் கூடாது, முழுத் துண்டையும் மாற்ற வேண்டும் என்று படத்தோடு போட்டிருந்தது. இரண்டு முறை படித்தார். “சரி, மாத்தித் தொலை” என்றார். அவர் கைப்பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அவர் தொழில் பழகிய காலத்துத் தகடு வேறு.

கைப்பக்குவம் என்றதும் பட்டி வேலை, அதாவது தகட்டின் பள்ளத்தைப் பசையால் நிரப்பித் தேய்க்கும் வேலை, ஞாபகம் வருகிறது. பயிற்சியில் எனக்குப் பிடித்தது இதுதான். பட்டி போட்டு 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 180, 320 என்று இறங்கி வருவோம். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்ததும் ‘முடிஞ்சுது சார்’ என்போம். அவர் கண்ணை மூடச் சொல்வார். மெல்லிய துணியை வைத்து, விரலை விட்டுவிட்டு முழு உள்ளங்கையையும் படியவைத்து, நல்ல இடத்தில் தொடங்கி பட்டிமேல் ஏறி மறுபக்கம் நல்ல இடத்தில் இறங்க வேண்டும். வெறும் கை தகட்டில் ஒட்டி ஒட்டி நகரும், துணி இருந்தால்தான் மேடு பள்ளம் தெரியும். முதலில் எனக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் கை ஏதோ தாழ்ந்து எழுந்த மாதிரி இருந்தது. அதன்மேல் கறுப்புப் பொடியைத் தூவித் தேய்த்துப் பார்த்தால், அதே இடத்தில் ஒரு காசு அளவுக்குக் கறுப்பு நின்றது. அந்த ஒரு உணர்ச்சிக்காகவே பீஸ் கட்டியது வீண் போகவில்லை என்பேன்.

பெயின்ட்டில் கற்ற முக்கியமான விஷயம், கலர் நம்பர் சரியாக இருந்தாலும் கலர் சேராது என்பது. மெட்டாலிக் என்றால் கையின் வேகம்கூடக் கலரை மாற்றும். ஈரமாக அடித்தால் கறுக்கும், உலர்வாக அடித்தால் வெளுக்கும். அதனால் பக்கத்துத் தகட்டின்மேலும் கொஞ்சம் மங்கவிட்டு அடிப்போம். கதவு ஒன்றுக்குத்தானே அடி, ஃபெண்டருக்கு எதற்குப் பெயின்ட் என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லியே பாதி ஆயுள் போகிறது.

சர்வீஸ் பக்கத்தில் அதிகம் உழைத்தது மல்டிமீட்டர். சாவியைத் திருப்பினால் முக்கி முனகும் ஒரு வண்டி வந்தது. பேட்டரி மாற்றியாயிற்று, ஸ்டார்ட்டர் மோட்டாரும் மாற்றியாயிற்று. நான் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். அந்த நேரத்தில் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 1.6 காட்டியது. எர்த் வயரின் முனை உள்ளுக்குள் பச்சைபூத்துக் கிடந்தது. தேய்த்து முறுக்கியதும் ஒரே திருப்பில் ஸ்டார்ட். பழைய பேட்டரியும் பழைய மோட்டாரும் நல்லவையாகத்தான் இருந்திருக்கும் என்று அந்த ஆளிடம் சொல்ல மனசு வரவில்லை.

பயன்படாதவை? பழைய வண்டிகளில் பெட்ரோலைக் காற்றோடு கலந்துவிடும் கார்புரேட்டருக்கு மூன்று வாரம் செலவழித்தோம், இந்த ஆறு வருடத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. எஞ்சினை முழுதாகப் பிரித்தது இரண்டே தடவை.

சொல்லித்தராமல் விட்டதுதான் அதிகம் வலித்தது. முதலாவது நேரம். பயிற்சியில் ஒரு கதவை மூன்று வாரம் வைத்துக்கொண்டு செதுக்கினோம், வேலையில் அதற்கு ஒரு நாள். என்ன மாற்ற வேண்டும், என்ன நிமிர்த்தலாம், எவ்வளவு மணி நேரம் என்று எஸ்டிமேட் எழுத ஒரு வகுப்புகூடக் கிடையாது. முன்கண்ணாடி மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் கேமராவுக்குக் கேலிபரேஷன், அதாவது அதன் பார்வையைச் சரியாகப் பொருத்தும் வேலை, செய்ய வேண்டும், அதற்குத் தரை சமமாக இருக்க வேண்டும், டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், கேமரா பார்க்க வேண்டிய குறிப் பலகையைச் சொன்ன தூரத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டது. மின்சாரக் காருக்கு ஒரே ஒரு மதியம், அதுவும் திரையில். உயர் வோல்ட்டேஜ் ஓடும் ஆரஞ்சு வயரைத் தொடாதே என்பதோடு முடிந்தது. 1000 வோல்ட் கையுறையைப் போடுமுன் மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது கூட வேலை பார்ப்பவர்தான்.

இன்னொன்றைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நாங்கள் படித்த இடத்தில் பெயின்ட் அறைக்குக் காற்றுக்குழாய் வைத்த மாஸ்க் கிடையாது. இருந்தது கார்ட்ரிட்ஜ் மாஸ்க், அந்தக் கார்ட்ரிட்ஜையும் மாதக்கணக்கில் மாற்றவில்லை. பெயின்ட்டின்மேல் ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் கிளியர் பூச்சில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. வாடை வரவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க முடியாது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா மாதிரி இழுக்கும். என்னோடு படித்த ஒருவனுக்கு இரண்டாம் வருடம் இரவில் மூச்சிரைக்க ஆரம்பித்தது. நல்ல கைக்காரன், இப்போது ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு எதனால் வந்தது என்று யாரும் பரிசோதித்துச் சொல்லவில்லை. மாஸ்க் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவுக்கும் பதில் இல்லை.

இத்தனைக்கும் பிறகு, சேரலாமா என்று யாராவது கேட்டால் சேரச் சொல்வேன். ஆனால் சேருமுன் அந்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள். பளபளக்கும் லிஃப்ட்டையும் ஸ்கேனரையும் அவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். நீங்கள் பின்பக்கம் போய்க் குப்பைத் தகடு கொட்டும் மூலையைப் பாருங்கள். தகடுகளை மின்சாரத்தால் புள்ளி புள்ளியாக ஒட்டும் ஸ்பாட் வெல்டிங் பழகும்போது இரண்டு துண்டுத் தகட்டை ஒட்டி, உளி வைத்துப் பிளந்து பார்ப்போம். ஒட்டு விட்டுப்போனால் ஃபெயில். ஒட்டு விடாமல் ஒரு தகட்டில் வட்டமாக ஓட்டை விழுந்து, அந்தக் காசு மற்ற தகட்டோடு போனால்தான் பாஸ். அப்படிப் பிய்ந்த துண்டுகள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தால் அங்கே பிள்ளைகள் கையில் வேலை நடக்கிறது. அந்த மூலை கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தால், இரண்டு வருடமும் வேடிக்கைதான் பார்ப்பீர்கள்.