ஹரிகேன் வருகிறது: கிளம்புவதா, வீட்டிலேயே இருப்பதா?

ஃப்ளோரிடாவிலும் டெக்சஸ் கடலோரத்திலும் புயல் சீசனில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, ‘கேட்டகரி எத்தனை?’ என்பதுதான். ஒன்று, இரண்டு என்றால் இருந்துவிடலாம். நான்கு என்றால் மூட்டை கட்டலாம். கேள்வியே தப்பு. கேட்டகரி என்பது காற்றின் வேகத்துக்கு மட்டும் போடும் மார்க். கடல் எத்தனை அடி ஏறும், மழை எவ்வளவு கொட்டும் என்பதை அது சொல்லாது. 2008-ல் ஐக் புயல் கால்வெஸ்டனில் கரையேறியபோது வெறும் கேட்டகரி 2. பக்கத்துப் பொலிவார் தீபகற்பத்தில் 15 அடிக்கு மேல் தண்ணீர் ஏறி, வரிசை வரிசையாக வீடுகளை வழித்துக்கொண்டு போனது. தரையில் நட்ட கம்பங்கள்தான் மிச்சம்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளம்புகிற பக்கம். ஆனால் 400 மைல் ஓடி அட்லாண்டாவில் ஹோட்டல் தேடுகிற கட்சி இல்லை; 30, 40 மைல் உள்ளே தள்ளி மேட்டில் இருக்கிற ஒரு நல்ல வீட்டுக்குப் போகிற கட்சி. இருக்கலாம் என்கிறவர்களுக்கும் நியாயம் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

காற்றைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. புதிய கட்டட விதிகள் வந்த 2002-க்குப் பிறகு ஃப்ளோரிடாவில் கட்டிய வீடு, ஜன்னல்களுக்கு ஷட்டர் அல்லது முக்கால் அங்குலத்துக்குப் பக்கமான பிளைவுட், கேரேஜ் கதவுக்கு முட்டு, கூரை மேல் சாயும் தூரத்தில் பெரிய மரம் இல்லை என்றால் காற்றைப் பெரும்பாலும் தாங்கலாம். கண்ணாடியில் டேப் ஒட்டுவது வீண் வேலை. மொபைல் ஹோம் என்றால் விவாதமே கிடையாது, கிளம்ப வேண்டும்.

தீர்மானிப்பது தண்ணீர். 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் புயல்களால் நேரடியாக இறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேரைக் கொன்றது தண்ணீர்தான். அதிலும் மொத்தத்தில் பாதியளவு, கடல் ஊருக்குள் ஏறிவரும் ‘சர்ஜ்’. காற்றின் பங்கு பத்து சதவீதத்துக்கும் கீழே.

இங்கேதான் படித்தவர்களும் வழுக்கி விழுகிறார்கள். ‘எங்கள் வீடு ஃப்ளட் ஸோன் எக்ஸ், அதனால் பயமில்லை’ என்பார்கள். ‘எக்ஸ்’ என்றால் வெள்ள ஆபத்து குறைவு என்று அர்த்தம்; ஆனால் அது இன்ஷூரன்ஸுக்காக ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) போட்ட வரைபடம். புயலுக்கு யார் யார் கிளம்ப வேண்டும் என்று சொல்லும் வெளியேற்ற மண்டலம் முற்றிலும் வேறு, கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) போடுவது, ஏ, பி, சி என்று எழுத்து வைத்திருக்கும். ஃப்ளட் மேப்பில் ‘எக்ஸ்’ என்று இருக்கிற வீடு, வெளியேற்ற வரைபடத்தில் ‘பி’ ஆக இருக்கலாம். அங்கேயும் ஏ உண்டு, இங்கேயும் ஏ உண்டு, இரண்டும் ஒன்றல்ல என்பது கூடுதல் குழப்பம். கவுன்ட்டியின் தளத்தில் வீட்டு முகவரியைப் போட்டுப் பார்த்து, அந்த எழுத்தை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஜூன் மாதத்து வேலை இது. புயல் வரும் வாரத்தில் தளமே திறக்காது.

அடுத்தது, தேசிய ஹரிகேன் மையம் சர்ஜுக்கென்று வெளியிடும் வரைபடம். புயல் வருவதற்கு ஏறக்குறைய 48 மணி நேரம் இருக்கும்போது, முதல் எச்சரிக்கையோடு வரும். நீலம் என்றால் தரைக்கு மேல் ஓரடிக்கு மேல், மஞ்சள் மூன்றடிக்கு மேல், ஆரஞ்சு ஆறடிக்கு மேல், சிவப்பு ஒன்பதடிக்கு மேல். கடல் மட்டத்திலிருந்து அல்ல, உங்கள் தெருவின் தரையிலிருந்து. அந்த அளவு வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. அதைவிட அதிகமாக ஏற பத்தில் ஒரு வாய்ப்பு என்பதுதான் கணக்கு. பத்தில் ஒன்று சின்ன வாய்ப்பாகத் தோன்றினால் இப்படிப் பாருங்கள்: ஸ்லாப் போட்ட வீட்டின் தரை, தெருவைவிட ஓரடி உயரம். மஞ்சள் என்றால் ஹாலில் இரண்டடித் தண்ணீர். பிளக் பாயிண்ட் மூழ்கிவிடும், ஃப்ரிட்ஜ் மிதந்து சாயும். தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று எல்லாரும் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அது பாத்ரூம் ஷவர் ஓட்டை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு மேலே வரும். ஆரஞ்சு என்றால் மாடியில்லாத வீட்டில் நிற்க இடமில்லை. கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வெளியே போக வழியில்லாத அட்டிக், பொறி. கத்ரினாவின்போது நியூ ஆர்லியன்ஸில் அது நடந்தது.

‘புயல் நம்ம பக்கம் வரலையே’ என்பதும் உதவாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் டாம்பா விரிகுடாவிலிருந்து 100 மைலுக்கு அப்பால் கடலிலேயே போய், வடக்கே பெர்ரி பக்கம் கரையேறியது. ஆனாலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கடல் ஆறடிக்கு மேல் ஏறியது. வெளியேறச் சொன்ன பகுதிகளில் தங்கியவர்கள் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். சரியாக 13 நாள் கழித்து மில்டன் நேராக டாம்பாவைக் குறிவைத்து வந்தது. கடைசியில் கொஞ்சம் தெற்கே, சியெஸ்டா கீயில் கரையேற, டாம்பா விரிகுடாவில் கடல் ஏறவில்லை. காற்று தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டு போனது. கிளம்பிப் போனவர்களுக்கு வீண் அலைச்சல் என்று தோன்றியிருக்கும். புயலின் மையமான கண் கரையேறும் இடம் இருபது முப்பது மைல் நகர்ந்தால் ஒரே ஊருக்கு ஆறடி ஏற்றமும் ஆகலாம், வற்றலும் ஆகலாம். டிவியில் காட்டும் கூம்பு, புயலின் மையம் போகக்கூடிய பாதை மட்டும்தான். மையம் அதற்குள் இருப்பதும் மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான். 2022-ல் இயன் புயல் இதை ஃபோர்ட் மையர்ஸுக்குக் கற்றுக்கொடுத்தது. டாம்பா, டாம்பா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். லீ கவுன்ட்டியில் வெளியேறும் உத்தரவு வந்தது செப்டம்பர் 27 காலை. புயல் கரையேறியது 28 பிற்பகல்.

ஆக, கிளம்பும் மண்டலத்தில் இருப்பவர்கள் உத்தரவுக்காகக் காத்திராமல், ஹரிகேன் வாட்ச் வந்ததுமே பையைக் காரில் வைத்துவிடுவது நல்லது. வாட்ச் என்பது மணிக்கு 39 மைல் காற்று வருவதற்கு 48 மணி நேரம் முன்பு விடும் முதல் எச்சரிக்கை. அடுத்த கட்டமான வார்னிங், 36 மணி நேரம் முன்பு. காற்று நாற்பதைத் தொட்டால் பெரிய பாலங்களை மூடுவார்கள், ஆம்புலன்ஸும் வெளியே வராது. தீவில் இருப்பவருக்கு அதற்குப் பிறகு கிளம்புவது என்ற ஒன்றே இல்லை.

தூரத்துக்கு வருகிறேன். கிளம்புவதன் பெரிய ஆபத்து ரோடு. 2005-ல் ரீட்டா புயலுக்காக ஹூஸ்டன் பகுதியிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வந்தார்கள். அதில் பெரும்பாலோர் வெளியேறத் தேவையே இல்லாத இடங்களில் இருந்தவர்கள். நூறு டிகிரி வெயிலில் மணிக்கணக்காக நின்ற கார்கள், காலியான கேஸ் ஸ்டேஷன்கள். டாலஸ் பக்கத்தில் முதியோர் இல்லத்து பஸ் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். டெக்சஸில் புயல் கொன்றதைவிட ஓட்டம் கொன்றதுதான் அதிகம். அதனால்தான் பத்து மைல் கணக்கில் நகருங்கள், நூறு மைல் கணக்கில் வேண்டாம். எழுத்து மண்டலம் எதிலும் வராத, ஓடைக்கரையில் இல்லாத, 2002-க்குப் பிறகு கட்டிய நண்பர் வீடு ஒன்றை மே மாதமே பேசி வையுங்கள். கவுன்ட்டி ஷெல்ட்டர் உயிருக்குப் பாதுகாப்பு. வசதியை எதிர்பார்க்கக் கூடாது. கட்டில் இருக்காது, ஆளுக்குச் சுமார் 20 சதுர அடி. ஆக்சிஜன், டயாலிசிஸ் தேவைப்படுபவருக்குத் தனி ஷெல்ட்டர் உண்டு, ஆனால் முன்பதிவு வேண்டும்.

உள்ளே தள்ளிப் போனால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. ஹெலீன் கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, வட கரோலினா மலைகளில் ஆறுகளைப் பெருக்கி ஊர்களை அழித்தது. 2013 முதல் 2022 வரையிலான கணக்கில் சர்ஜ் சாவுகள் 11 சதவீதமாக இறங்கி, மழைவெள்ளச் சாவுகள் பாதியைத் தாண்டின. வெள்ளத்தில் கார் ஓட்டியவர்கள் அதில் ஏராளம். ஓரடி ஓடும் தண்ணீர் சின்னக் காரைத் தூக்கும். இரண்டடி, பெரிய எஸ்யூவியையும்.

வீட்டைப் பூட்டும் முன் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். தண்ணீர் வால்வை மூடுங்கள். வெள்ளம் வரலாம் என்றால் மெயின் பிரேக்கரையும் இறக்குங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, மேலே ஒரு காசு வையுங்கள்; திரும்பி வரும்போது காசு பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் குப்பைக்கு. பாஸ்போர்ட், விசா ஒப்புதல் கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே பையில், அசல். நனைந்து போனால் மறுபடி வாங்க மாதக்கணக்காகும். எலக்ட்ரிக் கார் இருந்தால் அதில்தான் கிளம்புங்கள், அல்லது மேட்டில் நிறுத்துங்கள். உப்புத் தண்ணீரில் மூழ்கிய பேட்டரி சில நாள் கழித்தும் தீப்பிடிக்கும். கேரேஜில் இருந்தால் வீடும் சேர்ந்து போகும்.

செலவு விஷயத்தில் ஒன்று. பல ஹோம் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில், அரசு கட்டாயமாக வெளியேறச் சொன்னால் தங்கும் செலவு கிடைக்கும். விருப்பப்படி போனால் கிடைக்காமல் போகலாம். உத்தரவின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபெடரல் வெள்ள இன்ஷூரன்ஸ் தங்கும் செலவைத் தராது. பொருட்களைப் பாதுகாப்பாக நகர்த்த 1,000 டாலர் வரை தரும். அந்த இன்ஷூரன்ஸை வாங்கினால் நடைமுறைக்கு வர 30 நாள் ஆகும் என்பதால், புயல் பெயர் வாங்கிய பிறகு ஓடிப் பயனில்லை.

இப்போது இருப்பவர்கள் பக்கம். எந்த எழுத்து மண்டலத்திலும் இல்லாத, உறுதியான வீடு என்றால் இருப்பதுதான் சரி. நீங்கள் ரோட்டில் இல்லாததே கடலோரத்துக்காரருக்கு உதவி. ஆனால் புயல் ராத்திரியை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். கஷ்டம் அடுத்த வாரத்தில் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த பெரில் புயல், கேட்டகரி 1 தான். ஹூஸ்டன் பகுதியில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது, பலருக்கு ஒரு வாரம் வரை. ஜூலை வெயில், ஏசி இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா வீட்டில் இருந்தால் இதை முதலில் யோசியுங்கள். திறந்த இன்சுலின் அறை வெப்பத்தில் பொதுவாக 28 நாள் தாங்கும், ஆனால் அந்த அறை 86 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. பெரில் வாரத்து வீடுகள் அதைச் சாதாரணமாகத் தாண்டின.

ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர். நான்கு பேர், ஏழு நாள் என்றால் 28 கேலன். ஃப்ளஷ் செய்ய பாத்டப் நிறையத் தனி. ஜெனரேட்டரில் பெரிதாக வாங்கி ஏமாறுவார்கள்: 5,000 வாட் மிஷின் பாதி லோடிலேயே நாளைக்கு 12 முதல் 18 கேலன் குடிக்கும், புயலுக்குப் பிறகு அந்தப் பெட்ரோல் எங்கே கிடைக்கும்? 2,000 வாட் இன்வர்ட்டர் ஜெனரேட்டரும் 5,000 பிடியு (அரை டன்னுக்கும் குறைவான) ஜன்னல் ஏசியும் போதும். ஒரு கேலனில் ஏழெட்டு மணி நேரம் ஒரு அறை குளிரும், எல்லாரும் அதிலேயே படுக்கலாம். வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகைக்குழாய் வெளியே பார்க்க வையுங்கள். கேரேஜ் கதவைத் திறந்து வைத்து உள்ளே ஓட்டுவது கூடாது. 2020-ல் லாரா புயலுக்குப் பிறகு லூசியானாவில் பலர் அந்தப் புகையில்தான் இறந்தார்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இல்லாமல் ஜெனரேட்டரைத் தொடாதீர்கள். சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கே கரண்ட் கொடுப்பது, கம்பத்தில் ஏறும் லைன்மேனைக் கொல்லும்.

அபார்ட்மென்ட் மாடிகளில் இருப்பவர்களுக்கு ஒரே விதி சொல்வது கடினம். கான்கிரீட் கட்டடத்தின் மூன்று முதல் பத்தாவது மாடி என்றால் தண்ணீரிலிருந்து தப்பலாம். ஆனால் உயரம் போகப் போகக் காற்று கூடும். 30-வது மாடியில் சராசரியாக ஒரு கேட்டகரி அதிகம். கரண்ட் போனால் லிஃப்ட் போகும், பம்ப் நின்றால் குழாயும் போகும். மாடியேற முடியாதவர் வீட்டில் இருந்தால் நான் கிளம்பவே சொல்வேன்.

கிளம்பியவர்கள் திரும்பும்போது ஒன்று. தீவுகளுக்குப் போகும் பாலத்தின் முகப்பில் போலீஸ் நின்று முகவரி பார்க்கும். டிரைவிங் லைசென்ஸில் பழைய அபார்ட்மென்ட் முகவரி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாடகை ஒப்பந்தத்தையோ கரண்ட் பில்லையோ பிரின்ட் எடுத்து அந்தப் பாஸ்போர்ட் பையிலேயே போட்டு வையுங்கள். போனில் காட்டலாம் என்றால், அன்றைக்கு அங்கே டவர் இருக்காது.