புளித்த தவிடா, கடலைப் புண்ணாக்கா, சோயாவா: இறால் குளத்தில் எது எங்கே உதவும்?

வனாமி இறால் வளர்ப்பில் செலவாகும் பணத்தில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடுகிறது. 2021-ல் சோயாப் புண்ணாக்கு விலை எகிறி, 12 லட்சம் டன்னை இறக்குமதி செய்ய மத்திய அரசே அனுமதி கொடுக்கும் நிலை வந்தது. தீவன மூட்டை விலையும் கூடவே ஏறியது. அப்படி விலை ஏறும்போதெல்லாம் ஒரு கேள்வி கிளம்பும்: எதையாவது புளிக்கவைத்துப் போட்டு மூட்டையைக் குறைக்கலாமா?

குறைக்கலாம். ஆனால் போடுவது யார் வாய்க்குப் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பேச்சில் வழக்கமாக அடிபடும் இந்த மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

தவிட்டில் புரதம் 12 முதல் 14 சதவீதம்தான். வனாமி தீவனத்தில் 32 முதல் 38 சதவீதம் வரை இருக்கும். ஆகவே புளித்த தவிடு இறாலின் சாப்பாடு அல்ல, குளத்தின் சாப்பாடு. அதைத் தின்று பாக்டீரியா பெருகும், அதைத் தின்று கோபிபாட் போன்ற மிகச் சிறிய நீர்வாழ் விலங்குகள் பெருகும், அவற்றை இறால் குஞ்சு மேயும். தாய்லாந்துப் பண்ணைக்காரர்கள் இதை ஒரு முழு வளர்ப்பு முறையாகவே கொண்டுவந்து, அக்வாமிமிக்ரி என்ற பெயரில் பரப்பினார்கள்.

ஒரு பங்கு தவிடு, 5 முதல் 10 பங்கு தண்ணீர், பேசில்லஸ் புரோபயாடிக் (நன்மை செய்யும் பாக்டீரியா). டிரம்மில் போட்டு ஒரு நாள் முழுக்கக் காற்று விட வேண்டும். நம்மூரில் வெல்லமும் ஈஸ்ட்டும் சேர்த்து ‘ஜூஸ்’ என்பார்கள். பக்குவமான ஜூஸில் புளித்த இட்லி மாவின் வாசனை வரும். அழுகல் வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். தவிடு வாங்கும்போதும் மூக்கைத்தான் நம்ப வேண்டும். பச்சரிசித் தவிடு மில்லை விட்டு வந்த சில நாளிலேயே காறல் அடிக்கும். புழுங்கல் அரிசித் தவிடு கொஞ்சம் தாங்கும்.

கடலைப் புண்ணாக்கு ஆசை காட்டும். புரதம் 40 சதவீதத்துக்கு மேல், உள்ளூரிலேயே கிடைக்கும். எனக்கு இதில்தான் பயம் அதிகம். 10 கிலோ தவிட்டோடு குளத்தில் இறங்கும் நைட்ரஜன் சுமார் 200 கிராம். அதே எடைப் புண்ணாக்கில் 700 கிராம் இருக்கும். இறால் தின்னாதது அம்மோனியாவாகத் திரும்பி வரும். இறாலுக்கு அவசியமான லைசின், மெத்தியோனைன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டும் இதில் குறைவு. இதையெல்லாம் சமாளித்தாலும் பூஞ்சை பிடித்த புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். அது இறாலின் ஈரலைக் கெடுக்கும். புளிக்கவைத்தால் போய்விடும் என்று நம்பி இறங்காதீர்கள். குஞ்சு விடுவதற்கு முன்பு, தண்ணீரில் நிறம் பிடிக்க அளவாகப் போடுவதோடு இதை நிறுத்திக்கொள்வது நல்லது.

புளித்த சோயாதான் மூன்றிலும் உண்மையாக இறாலின் வாய்க்குப் போவது. குளத்தில் கரைப்பதற்கானது அல்ல இது, தீவனக் குச்சிக்குள் மீன்தூளின் ஒரு பங்குக்குப் பதிலாக ஏறுவது. சாதாரண சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்களும், பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலமும் உண்டு. புளிக்கவைக்கும் பாக்டீரியாவான பேசில்லஸோ லாக்டோபேசில்லஸோ அவற்றைக் குறைத்து, பெரிய புரதத்தையும் உடைத்துக் கொடுக்கிறது. ஆனால் ஈரம், சூடு, உலர்த்தல் எல்லாம் கணக்காக இருக்க வேண்டும் என்பதால் இது ஆலை வேலை. கொட்டகையில் செய்து குச்சியின் மேல் பூசினால் பாதி தண்ணீரிலேயே கரைந்துவிடும்.

ஆக, குளத்துக்காரர் கையில் இருப்பது தவிடுதான். முதல் மாதம் குஞ்சு சிறியது, மேய்ச்சல் தாராளம், அப்போது மூட்டையைக் குறைக்க இடம் உண்டு. அப்புறம் இறாலின் எடை கூடக்கூட இயற்கை உணவு பற்றாது. சதுர மீட்டருக்கு 60 குஞ்சு விட்ட குளத்தில் இது இன்னும் சீக்கிரம் வரும். செக் ட்ரேயில் (குளத்தில் இறக்கிவைக்கும் தீவனத் தட்டு) மிச்சம் பார்த்து, குடல் நிறைந்திருக்கிறதா என்று பார்த்து, தீவனத்தைப் பழைய அளவுக்கு ஏற்ற வேண்டும். ஒரு ஹெக்டேர், ஒரு மீட்டர் ஆழக் குளத்துக்கு 10 கிலோ தவிடு என்றால் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் தொடங்கி, ஜூஸைக் காலை வெயில் ஏறியபின் விடுங்கள். மாலையில் விட்டால் விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்கும்போது ஏரேட்டர் ஓடியும் பற்றாமல் போகலாம்.