கல்லடிக் கடலில் சூரியனை மறைய வைத்த கட்டுரைச் சேவை: ஐந்து மாத அனுபவம்

மட்டக்களப்பில், கல்லடியில் எங்களுக்கு நாலு அறையுள்ள சின்னத் தங்குமிடம் ஒன்று இருக்கிறது. அதன் இணையத்தளத்தை 2021 இல் மருமகன் செய்து தந்தார். அதன் பிறகு அதில் யாரும் கை வைக்கவில்லை. முற்றத்து மாமரத்தைத் தறித்து இரண்டு வருஷமாகிறது. முகப்புப் படத்தில் அது இன்னும் காய்த்துக்கொண்டு நிற்கிறது. "புதுசா ஏதாவது வந்துகொண்டிருந்தாத்தான் ஆட்கள் தேடி வருவாங்க மாமி" என்று அவர் நச்சரித்ததில், கொழும்பில் ஒரு நிறுவனத்தோடு பேசி, மாதம் எட்டுக் கட்டுரை, 28,000 ரூபாய் என்று எடுத்தேன். பெயர் வேண்டாம். இப்படி எழுதிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், என் அனுபவம் அவர்களில் யாரிடம் போனாலும் உதவும்.

முதல் மாதம் வந்ததைப் படித்துவிட்டுத் தேத்தண்ணீரைக் கீழே வைத்தேன். "கல்லடிக் கடற்கரையில் சூரியன் கடலுக்குள் மறையும் அழகைக் காணத் தவறாதீர்கள்." எங்கள் கடல் கிழக்கில் இருக்கிறது. சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாவிப் பக்கம் திரும்ப வேண்டும். இன்னொன்று, டிசம்பரில் பாசிக்குடாவில் நீந்தி மகிழச் சொன்னது. டிசம்பர் எங்களுக்கு மாரி. அந்த நேரம் நீந்துவதற்குச் சில வருஷம் எங்கள் ஒழுங்கையே போதும். மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டியது ஒல்லாந்தர் என்று ஒன்று. 1628 இல் கட்டியது போர்த்துக்கேயர், பத்து வருஷம் கழித்துப் பிடித்தவர்கள்தான் ஒல்லாந்தர்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எங்கள் வாவியில் மீன் பாடும் என்று சொல்வார்கள், அந்தப் பாடும் மீனை "தினமும் இரவு நடைபெறும் நிகழ்ச்சி" போல எழுதி வைத்திருந்தார்கள். அதை நம்பி வந்த ஒரு தம்பதி, எத்தனை மணிக்குத் தொடங்கும், டிக்கெட் எங்கே எடுப்பது என்று என்னைக் கேட்டார்கள். என்ன சொல்ல? மீன் கறியோடு இரவுச் சாப்பாட்டைக் காசு வாங்காமல் கொடுத்தேன்.

எல்லாக் கட்டுரையும் 1,200 சொல். அவ்வளவு நீளம் இருந்தால்தான் கூகிளுக்குப் பிடிக்குமாம். கூகிள் அப்படி ஒரு சொல் கணக்கு வைத்திருக்கவில்லை, அவர்களே அதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று மருமகன் காட்டினார். தேடலில் முன்னுக்கு வருவதற்காகவே பக்கம் பக்கமாகக் கொட்டுவதை 2024 மார்ச்சில் விதி போட்டே தடுத்தார்களாம்; இயந்திரம் எழுதினாலும் ஆள் எழுதினாலும் ஒன்றுதானாம். இரண்டாம் மாதம் இன்னொரு கூத்து. எட்டுக் கட்டுரையில் மூன்று, போன மாதத்துக் கட்டுரைகளே, திகதியை மட்டும் மாற்றிப் போட்டவை. நேற்றைய புட்டைச் சூடாக்கி வைத்துவிட்டு இப்போதுதான் அவித்தது என்பது போல. கூகிள் செய்யாதே என்று சொல்கிற விடயம் இதுவும்.

அன்றே அழைத்துச் சண்டை பிடித்தேன். மறுகா ஒரு மாற்றம் வந்தது, அதற்காகத்தான் இந்த விமர்சனமே. எழுதுகிற வேலையை வாழைச்சேனையில் வீட்டிலிருந்து வேலை செய்கிற ஒரு பிள்ளையிடம் கொடுத்தார்கள். அவள் எழுதுவதற்கு முதல் என்னோடு கதைத்தாள். "அன்ரி, வட்ஸ்அப்பில ஆட்கள் உங்களிட்ட என்னெல்லாம் கேக்கிறவங்க?" என்றாள். நாலு வருஷமாக ஒரே கேள்விக்கு ஒரே பதிலைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், அதை யாரும் கேட்டதில்லை. பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா? (கல்லடியில் அலை இழுக்கும், வேண்டாம், பாசிக்குடா ஆழமில்லாதது, 35 கிலோமீற்றர் அளவு.) இரவு ரயிலில் வந்து விடியமுன் இறங்கினால் அறை தருவீர்களா? மீன் உண்மையாகவே பாடுமா?

கடைசிக் கேள்விக்கு அவள் என்னை அரை மணித்தியாலம் பேசவைத்து ஒலிப்பதிவு செய்தாள். சின்ன வயதில் அப்பா பறுவத்தன்று (பௌர்ணமி இரவில்) தோணியில் கூட்டிப் போனதைச் சொன்னேன். பழைய பாலத்துக்குக் கிட்ட, தண்ணீர் அசையாத நேரம், துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு மறு முனையைக் காதில் வைக்கச் சொன்னார். முதலில் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. பிறகு தூரத்தில் யாரோ கம்பியைச் சுண்டிவிட்டு, அது ஓயுமுன் மறுபடி சுண்டுவது போல ஒரு முனகல். அவ்வளவுதான். அதன் பிறகு எத்தனையோ தரம் போயிருக்கிறேன், கேட்டதில்லை. இங்கே பிறந்து வளர்ந்து ஒருநாளும் கேட்காதவர்களும் இருக்கிறார்கள். அதையும் ஒளிக்காமல் எழுதினாள். சித்திரை முதல் புரட்டாதி வரை பறுவ இரவில் வாருங்கள், கேட்காமலும் போகலாம் என்று. 500 சொல் கூட இல்லை.

கூகிளின் சேர்ச் கொன்சோலில் (காசில்லை, யாரும் போட்டுக்கொள்ளலாம்) ஆட்கள் எந்தச் சொல்லைத் தட்டி எங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்று பார்க்கலாம். முதல் இரண்டு மாதத்துக் கட்டுரைகளுக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் பாதி நானாகத்தான் இருக்கும். மீன் கட்டுரைக்குத்தான் ஆட்கள் வருகிறார்கள். போன பறுவத்துக்கு இரண்டு குடும்பம் அதைப் படித்துவிட்டு அறை எடுத்தார்கள். அதில் ஒருவர், துடுப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் காசு அனுப்பினார்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மூன்றும் அந்தப் பிள்ளைக்கு. இனி மாதம் இரண்டு கட்டுரை போதும், அவள்தான் எழுத வேண்டும் என்று 9,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறேன். முகப்புப் படத்தை மாற்றுவதற்கு மட்டும் தனியாக 3,500 கேட்கிறார்கள். மருமகன் தான் மாற்றித் தருவதாகச் சொல்லி மூன்று கிழமை. மாமரம் அங்கே நிற்கிறது.