தானாகச் சுருளும் நாய் லீஷ்: நீளக் கட்டுப்பாடு எதுவரை தாங்குகிறது?

ஐந்து மீட்டர் நாடா, 25 கிலோ வரை உள்ள நாய்களுக்கானது, கைப்பிடியில் பிரேக்கும் லாக்கும், போதாக்குறைக்கு அதிகபட்ச நீளத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ள ஒரு டயல். இந்த வகை லீஷ்களை மழை, கடற்கரை மணல், தெரு நாய்கள், குறுக்கே வரும் டூவீலர் எல்லாவற்றுக்கும் நடுவில் ஓராண்டுக்கு மேல் புழங்கிய பிறகு எழுதும் மதிப்பீடு இது. கடையில் இரண்டு தடவை இழுத்து விட்டுப் பார்த்தால் எந்த லீஷும் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே நாடாவைப் பிடித்து நிறுத்தும் பல் மழுங்கி, ஸ்பிரிங் தளர ஆரம்பித்த பிறகுதான் எது நல்ல வடிவமைப்பு, எது வெறும் பளபளப்பு என்று தெரியும்.

சுருளும் அழகைப் பார்த்து வாங்காதீர்கள். எப்படி நிற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். இந்தச் சாதனத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 20 கிலோ நாய் ஒன்று பூனையைக் கண்டு பாய்கிறது. நொடிக்கு நொடி அதன் வேகம் 5 மீட்டர்/நொடி வீதம் கூடுவதாக வைத்துக்கொள்வோம். 1.5 மீட்டரில் லீஷ் நின்றால் அப்போது வேகம் மணிக்கு 14 கி.மீ., ஆற்றல் 150 ஜூல். 5 மீட்டர் முழுதும் ஓடிவிட்டு நின்றால் வேகம் 25 கி.மீ., ஆற்றல் 500 ஜூல். உங்கள் கை, தோள், நாடாவின் நெகிழ்வு எல்லாம் சேர்ந்து 25 செ.மீ. விட்டுக்கொடுத்தாலும், முதல் சந்தர்ப்பத்தில் சராசரியாக 60 கிலோ எடைக்கு நிகரான இழுவை வரும். இரண்டாவதில் 200 கிலோ. நாய் அதே நாய், லீஷ் அதே லீஷ். விட்ட நீளம் மட்டும்தான் வேறு. நீளத்தைக் கட்டுப்படுத்துவது என்றால் உண்மையில் இந்த அடியைக் கட்டுப்படுத்துவதுதான். கழுத்துப்பட்டையில் மாட்டி இந்த அடியை வாங்க வைத்தால் நாயின் தொண்டை என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. சுருளும் லீஷுக்கு ஹார்னஸ்தான் (கழுத்தை விட்டு மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை), அதில் சமரசமே கூடாது.

அதே காரணத்தால் சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு இந்த லீஷைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. நின்ற இடத்திலிருந்து அவை எடுக்கும் வேகத்துக்கு மேலே போட்ட கணக்கே குறைவு. லேபிளில் உள்ள எடை வரம்பு, பாய்ச்சல் குணமுள்ள நாய்க்குப் போதுமான அளவுகோல் அல்ல. மற்ற நாய்களுக்கும் வரம்பை ஒட்டி வாங்காமல் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவதே நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது

நியூயார்க்கைச் சேர்ந்த மேரி டெலேனி 1908-லேயே தானாகச் சுருளும் லீஷுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1973-ல் ஜெர்மனியில் தொடங்கிய ஃப்ளெக்ஸி நிறுவனம் இதை உலகம் முழுக்கப் பரப்பியது. அடிப்படை இன்றும் அதேதான்: நாடா சுற்றிய ஒரு டிரம், அதைத் திருப்பிச் சுற்றும் தட்டையான சுருள் ஸ்பிரிங், டிரம்மைப் பிடித்து நிறுத்தும் ஒரு கொண்டி. தையல்காரரின் பட்டன் வைத்த இஞ்ச் டேப்பைத் திறந்து பார்த்திருந்தால் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி அந்தக் கொண்டியில் இருக்கிறது.

1 மி.மீ. தடிமன் நாடாவை 50 மி.மீ. விட்டமுள்ள மையத்தில் 5 மீட்டர் சுற்றினால் வெளிவிட்டம் ஏறக்குறைய 94 மி.மீ. ஆகும், 22 சுற்று வரும். இந்த இரண்டு எண்களிலிருந்தே பல குணங்களும் குறைகளும் பிறக்கின்றன.

டிரம்மின் ஓரத்தில் 12 பற்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். நாடா முழுதும் உள்ளே இருக்கும்போது ஒரு பல்லுக்கு 2.5 செ.மீ. நாடா வெளியே போகும். கடைசிச் சுற்றுகளில் 1.3 செ.மீ.தான். அதனால்தான் பிரேக்கை அழுத்திய பின்னும் கொஞ்சம் நழுவி ‘டக்’ என்று பிடிக்கிறது. அது கோளாறு இல்லை. கோளாறு எங்கே வருகிறதென்றால், நாய் ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்துவதில். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நாடா போனால் டிரம் நொடிக்கு 17 சுற்று சுற்றும்; 200 பற்களுக்கு மேல் கொண்டியைக் கடக்கும். ஒரு பல்லுக்கும் அடுத்ததுக்கும் இடையில் கிடைப்பது 5 மில்லிநொடி. அதற்குள் கொண்டி ஆழமாக இறங்கவில்லையென்றால் பல்லின் முனையில் மோதித் தெறிக்கும். அப்போது வரும் ‘டர்ர்ர்’ சத்தம், பல்லின் நுனி கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கப்படும் சத்தம். சில மாதம் இப்படியே போனால் பல் முனை உருண்டுவிடும்; பிறகு மெதுவாக இழுத்தாலும் கொண்டி நழுவும்.

இதற்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. புழங்குபவர் நாய் பாயும் முன்பே, காது நிமிர்ந்து உடம்பு இறுகும் அந்தக் கணத்திலேயே, அழுத்தப் பழக வேண்டும். வடிவமைப்பவர் பல்லின் முகத்தைக் கொண்டியை உள்ளே இழுக்கும் சாய்வில் வைக்க வேண்டும்; வெளியே தள்ளும் சாய்வு சில டிகிரி இருந்தாலும் சுமை ஏற ஏறப் பிடி விடும். சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக் பல் இந்த அடியைத் தாங்காது. கண்ணாடி இழை கலந்த நைலான் டிரம்மும் எஃகுக் கொண்டியும் உள்ள லீஷ்கள் மட்டுமே ஓராண்டுக்குப் பிறகும் முதல் நாள் போலப் பிடித்தன.

லாக் என்பது பெரும்பாலும் பிரேக்கை அழுத்திய நிலையிலேயே மாட்டி வைக்கும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நகம். நாயின் இழுவை கொண்டி வழியாக நேரே கூட்டுக்கு, அதாவது கைப்பிடியின் வெளி உறைக்கு, போக வேண்டும், அந்த நகத்தின் மேல் விழக் கூடாது. வாங்கும்போதே சோதிக்கலாம்: லாக் செய்து பலமாக இழுக்கும்போது லாக் பட்டன் அசைந்தாலோ, தானாக விடுபட முயன்றாலோ அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

டயல் வேலை செய்கிறதா?

பலரும் கேட்பது இதைத்தான். பிரேக்கும் லாக்கும் உங்கள் கட்டைவிரலை நம்பியவை. டயல் அப்படியில்லை, 1.5 மீட்டர் என்று வைத்துவிட்டால் நீங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தாலும் அதற்கு மேல் போகாது. சுருளும் வசதியும் அப்படியே இருக்கும். லாக் போட்டால் நாய் அருகில் வரும்போது நாடா தொங்கிக் காலில் சிக்கும். டயலில் அந்தத் தொல்லை இல்லை. தெருவில் நடக்க இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

நல்ல டயல்களின் உள்ளே, டிரம்மோடு சேர்ந்து சுற்றும் ஒரு மரைத்தண்டும் அதில் நகரும் ஒரு நட்டும் இருக்கும். சுற்றுக்கு 1 மி.மீ. நகர்ந்தால் 22 சுற்றுக்கு 22 மி.மீ. டயலைத் திருப்பினால் நட்டு முட்டும் இடம் முன்னும் பின்னும் போகும். கேட்கச் சுலபம், ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. நட்டின் தட்டை முகம் தடுப்பின் தட்டை முகத்தில் போய் முட்டினால் மரை இறுகிக்கொள்ளும். நாய் வேகமாக இழுத்து முட்டியபின் ஸ்பிரிங்கால் அதை விடுவிக்க முடியாது. நாடா வெளியிலேயே தொங்கும், கையால் உலுக்கினால்தான் திரும்பும். ‘அப்பப்போ மாட்டிக்குது’ என்று வரும் புகார்களில் பல இதுதான். நட்டிலும் தடுப்பிலும் ஒரு பக்கவாட்டுப் பல் வைத்து, முகங்கள் தொடுவதற்கு முன்பே அந்தப் பற்கள் மோதும்படி செய்தால் மரை இறுகாது. இன்னொன்று, இழுவையை அந்தச் சின்ன நட்டே தாங்கக் கூடாது. நட்டு கொண்டியைத் தட்டிவிட வேண்டும், சுமையைக் கொண்டி வாங்க வேண்டும்.

டயலின் அளவுக் குறிகள் சம இடைவெளியில் இருந்தால் சந்தேகப்படுங்கள். முதல் 1.5 மீட்டருக்கு ஐந்தரைச் சுற்றுக்குள் போதும், கடைசி 1.5 மீட்டருக்கு எட்டுச் சுற்று வேண்டும். சுற்றை எண்ணும் டயலில் 1 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் உள்ள இடைவெளியும், 4-க்கும் 5-க்கும் உள்ள இடைவெளியும் ஒன்றாக இருக்கவே முடியாது. நாடாவிலேயே மீட்டருக்கு ஒரு நிறக்கோடு அச்சிட்டிருந்தால் டயலே பொய் சொன்னாலும் கண்ணுக்குத் தெரியும்; கடைசி ஒரு மீட்டரைச் சிவப்பாக வைப்பது மலிவான, அருமையான ஏற்பாடு.

எந்த அளவில் வைப்பது? வண்டி ஓடும் தெருவில் 1.2 முதல் 1.5 மீட்டர். தெரு நாய் கூட்டம் இருக்கும் முனைகளில் இன்னும் குறைத்து, ஒரு மீட்டர். நீளம் அதிகமிருந்தால் இரண்டு நாய்களும் சுற்றிச் சுற்றி வந்து நாடா கால்களில் பின்னிக்கொள்ளும், பிரிக்கப் போகும் கைதான் கடிபடும். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் லீஷ் 6 அடியைத் தாண்டக் கூடாது என்பது விதி, அங்கே 1.8 மீட்டர். முழு 5 மீட்டர், சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்துக்கு மட்டும்.

ஸ்பிரிங்

நாடா வெளியே போகப் போக டிரம்மின் ஆரம் 47 மி.மீ.யிலிருந்து 25-க்குச் சுருங்குகிறது. ஸ்பிரிங்கின் முறுக்கமோ ஏறிக்கொண்டே போகிறது. இரண்டும் சேர்ந்து முழு நீளத்தில் இழுவை ஆரம்பத்தைப்போல மூன்று மடங்குவரை ஆகலாம். தொடக்கத்தில் 400 கிராம் காட்டும் லீஷ் கடைசியில் 1.2 கிலோ காட்டினால், 5 கிலோ பொமரேனியனுக்கு அது தன் எடையில் கால் பங்கு. பாவம், அந்த நாய் நடக்கவில்லை, இழுத்துக்கொண்டு போகிறது. பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் கொக்கியை மாட்டி 1 மீட்டரிலும் முழு நீளத்திலும் பார்த்துவிடுங்கள். புதிதில் வந்த எண்ணைக் குறித்து வைத்தால் பின்னால் தளர்ச்சியும் தெரியும். மையத்தைப் பெரிதாக்கி, ஸ்பிரிங்கை நீளமாகப் போட்டு, தொடக்கத்திலேயே சில சுற்று அதிகம் முறுக்கி வைத்தால் இந்த ஏற்றம் தணியும். கைப்பிடி பருமனாகும்தான், ஆனால் நாய்க்கு நிம்மதி.

நாடாவா கயிறா

நாடா. 2-3 மி.மீ. கயிறு கையிலோ கணுக்காலிலோ சுற்றி ஓடினால் தோலை அறுத்துவிடும், விரலில் சுற்றினால் விரலே போன சம்பவங்கள் உண்டு. 10-15 மி.மீ. நாடாவிலும் தீக்காயம் போல எரியும், ஆனால் அந்த ஆழம் போகாது. எதுவாக இருந்தாலும் ஓடும் நாடாவைக் கையால் பிடிக்கக் கூடாது. வீட்டுக் குழந்தைகளிடம் இந்த லீஷைக் கொடுக்கவே வேண்டாம்.

கொக்கியையும் அலட்சியமாக விடாதீர்கள். 2008-ல் அமெரிக்காவில் ஒரு பிராண்டின் 2 லட்சத்துக்கும் அதிகமான சுருளும் லீஷ்கள் திரும்பப் பெறப்பட்டன. உலோகக் கொக்கி உடைந்து, இறுகிய நாடாவோடு பிடித்திருப்பவரை நோக்கிப் பறந்து வந்ததுதான் காரணம். கொக்கி சுழல்கிறதா என்று பாருங்கள். சுழல் இறுகினால் நாடா முறுக்கும், முறுக்கிய நாடா கூட்டின் வாய்க்குள் மடிந்து நுழையும், ஓரம் பிசிறும். நாயிடமிருந்து கழற்றும்போதும் கொக்கியை விட்டுவிடாமல் கூட்டின் வாய்வரை கையோடு கொண்டுபோய் விடுங்கள்.

மழையும் மணலும்

ஐப்பசி கார்த்திகையில் நனையும் நாடாவை அப்படியே சுருட்டினால் ஈரம் ஸ்பிரிங் பக்கம் போகும். சாதாரண கார்பன் எஃகு ஸ்பிரிங், சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதனாலேயே துருப்பிடித்து உரசத் தொடங்கும்; நாடா பாதியில் நின்று மெதுவாக ஊர்ந்து உள்ளே போனால் துருவோ மணலோ இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் நாடாவை முழுதும் இழுத்து, லாக் செய்து, நிழலில் உலர விட்டுப் பிறகு சுருட்டுங்கள். நைலானைவிட பாலியஸ்டர் நாடா குறைவாகத் தண்ணீர் குடிக்கும், சீக்கிரம் உலரும். கடற்கரைக்குப் போய்வந்தால் நாடாவை மட்டும் நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். கூட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள், எண்ணெயும் விடாதீர்கள். எண்ணெயில் மணல் ஒட்டி உப்புத்தாளாக மாறும். காய்ந்த பிறகு லாக்கை விடுவித்து, முழுதும் சுருண்ட நிலையில் வைக்க வேண்டும். நீட்டியபடி நாட்கணக்கில் லாக் செய்து வைத்தால் ஸ்பிரிங் தளரும்.

கூட்டைத் திறக்க ஆசைப்பட வேண்டாம். முறுக்கி வைத்த ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் முகத்தைக் கிழிக்கும். நல்ல தயாரிப்புகளில் ஸ்பிரிங் தனி டப்பாவுக்குள் அடைபட்டிருக்கும், ஆனால் வெளியிலிருந்து அது தெரியாது.

கைப்பிடி கீழே விழுந்தால் அது தரையில் தடதடவென்று நாயைத் துரத்தும். பயந்த நாய் இன்னும் ஓடும். மணிக்கட்டில் மாட்டும் ஒரு சின்ன வார் இதைத் தடுக்கும், இல்லாத லீஷில் நீங்களே கட்டிக்கொள்ளலாம்.

மாதம் ஒரு தடவை கொக்கியை கேட் கம்பியில் மாட்டி, 1 மீட்டர், 3 மீட்டர், முழு நீளம் என மூன்று இடத்தில் லாக் செய்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உடம்பின் பாரத்தைக் கொடுத்து இழுங்கள். ஒரு இடத்தில் ஒரு பல் நழுவினாலும் அந்த லீஷைத் தெருவுக்கு எடுத்துப் போகாதீர்கள். கொக்கிக்கு அருகில் உள்ள முதல் 30 செ.மீ.யிலோ, முழுதும் இழுத்தால் மட்டும் வெளியே வரும் கடைசிப் பகுதியிலோ ஓரம் பிசிறினால், தைத்து ஓட்டப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். புதிதாக வந்த குட்டிக்கு, கூட நடக்கப் பழகும்வரை சாதாரண 1.5 மீட்டர் லீஷே போதும். எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும் ஸ்பிரிங், இழுத்தால்தான் நகர முடியும் என்பதை அதற்குக் கற்றுக்கொடுத்துவிடும்.