பிள்ளைக்குப் பாதுகாப்பு ஆப் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நாங்கள் இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், பிள்ளைகளின் போனில் ரெண்டும் கலந்து ஆங்கில எழுத்தில். இந்தக் கடைசி விஷயத்தில்தான் நான் ஏமாந்தேன்.

ஜூன் மாதம் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு ஆப் விற்கும் ஒருவர் வந்து பெற்றோரைக் கூட்டி வைத்துப் பேசினார். மகளுக்கு 13 வயது, அப்போதுதான் இன்ஸ்டாகிராம் கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். யாராவது தப்பாகப் பேசினால் அந்த நிமிடமே உங்கள் போனுக்குத் தகவல் வரும், முதல் மாதம் இலவசம், அப்புறம் மாதம் 399 ரூபாய் என்றார். அங்கேயே என் போனை வாங்கி அவரே எல்லாம் செய்துகொடுத்தார், நான் யூபிஐ பின் (PIN) நம்பரை மட்டும் போட்டேன்.

தினமும் ராத்திரி திறந்து பார்ப்பேன். பச்சை வட்டம், 'பாதுகாப்பு'. நாலு மாதம் அதை நம்பித் தூங்கினேன்.

அக்டோபரில் ஒருநாள் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள், வாயில் வைக்கவில்லை. என்ன கண்ணு என்றதும் போனை நீட்டினாள். ஒரு பெண் பெயரில் கணக்கு. முதலில் பாடத்தில் சந்தேகம், அப்புறம் உன் டான்ஸ் சூப்பர், அப்புறம் 'மோளே, ஒரு போட்டோ அனுப்பு', அதற்குப் பிறகு கேட்டதை இங்கே எழுத முடியாது. மூன்று வாரமாக. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உன் போனுக்கு எல்லாம் வந்துரும்னு சொன்னியேம்மா, நீ பாத்துட்டும் ஒண்ணும் சொல்லலன்னு நெனச்சேன்" என்றாள்.

ஒரு வாரம் விடாமல் கூப்பிட்ட பிறகு அந்த கம்பெனியில் சொன்ன பதில்: ஆப் ஆங்கிலச் சொற்களைத்தான் பிடிக்குமாம், ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழையும் மலையாளத்தையும் அல்ல. விற்கும்போது இதைச் சொல்லவில்லை. பணத்தையும் திருப்பித் தரவில்லை. ஆப்பை நீக்கிய பிறகும் 399 போனது, ஏனென்றால் அன்று பின் நம்பர் போட்டு நான் ஒப்புக்கொண்டது யூபிஐ ஆட்டோபே, அதாவது மாதாமாதம் பணம் தானாகவே போகும் ஏற்பாடு. ஆப்பை நீக்கினால் அது நிற்காது, உங்கள் யூபிஐ ஆப்பிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கணக்கைப் பற்றியும் புகார் கொடுத்தோம். கோபத்தில் சாட் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அந்தக் கணக்கின் லிங்கையும் எடுத்து வையுங்கள். cybercrime.gov.in தளத்தில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாருக்குத் தனிப் பகுதி உண்டு, பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். 1930 பண மோசடிக்கு. பிள்ளைக்கு உதவி என்றால் 1098, எந்த நேரமும் கூப்பிடலாம். போனில் நேரக் கட்டுப்பாடு மட்டும் போதுமென்றால் கூகுள் ஃபேமிலி லிங்க் இருக்கிறது, காசு இல்லை. ஆனால் அதுவும் சாட் மெசேஜ்களைப் படித்துச் சொல்லாது, அந்த எதிர்பார்ப்போடு போடாதீர்கள்.

இப்போது அதே ஆள் வேலந்தாவளம் பக்கம் வந்துபோகிறார் என்று கேள்விப்பட்டேன். உங்கள் ஊருக்கு வந்தால், பணம் கட்டும் முன் அவர் கண்ணெதிரே பிள்ளையின் போனில் 'photo ayakku mole' (மலையாளத்தில் 'போட்டோ அனுப்பு மகளே') என்று டைப் செய்து, உங்கள் போனுக்கு என்ன வருகிறது என்று பாருங்கள்.