பூமலையில் அம்மா நின்ற இடம்

மலேசியாவின் ஜொகூரிலிருந்து அம்மா வந்திருந்தார். பேரனுக்குப் பள்ளி விடுமுறை. "கடைகடையா ஏறி இறங்க என்னால முடியாது, நிழல் இருக்கிற இடமா பாரு" என்று சொல்லிவிட்டார். சரி, பூமலைக்கே, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கே போகலாம் என்று கிளம்பினோம்.

நான் செய்த ஒரே தப்பு, திங்கட்கிழமையாகப் பார்த்து லீவு போட்டது. பூமலைக்குள் சிறுவர்களுக்காக இருக்கும் ஜேக்கப் பல்லாஸ் தோட்டத்துக்கு அன்றுதான் வார விடுமுறை. என் எட்டு வயது மகன் அந்த வாசலை விட்டு நகர மாட்டேன் என்று நின்றான். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் கோபத்தைத் தணித்தவை புல்தரையில் மேய்ந்துகொண்டிருந்த காட்டுக்கோழிகள். பாட்டி அவற்றைக் குழம்பு வைக்கிற கண்ணோடுதான் பார்த்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

எம்ஆர்டி ரயில் நிலையம் புக்கிட் தீமா வாசலிலேயே இருக்கிறது. அங்கிருந்து தங்ளின் வாசல்வரை தோட்டத்தின் நீளம் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். வயதானவர்களோடு முழுவதும் நடக்க அரை நாள் ஒதுக்க வேண்டும். காலை 5 மணிக்கே திறந்துவிடுவதால் வெயிலுக்கு முன்பே போய்விடலாம். நாங்கள் போகவில்லை, வியர்த்துக் கொட்டியது. நுழைவு இலவசம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட், அதிலும் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கிடையாது. பூக்கள் அழகுதான். ஆனால் முந்நூறு படம் எடுத்த பிறகு எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன.

தெம்புசு மரத்தடியில் மகன் என் பையிலிருந்து ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டைப் பிடுங்கி, அதன் பின்பக்கத்தில் இருக்கும் மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான். தாழ்வாக நீண்டிருக்கும் அந்தக் கிளை அப்படியே இருக்கிறது. வேலி போட்டிருப்பதால் ஏற முடியாது, அதற்கும் ஒரு முனகல்.

அப்புறம் கால் வலிக்கிறது, குளிர்சாதனம் இருக்கும் என்று ஹோல்ட்டம் மண்டபத்து அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். நாங்கள் அதிக நேரம் இருந்தது அங்கேதான். 1877இல் இங்கே வந்த ரப்பர் கன்றுகளின் கதை அங்கே இருக்கிறது. 1888இல் தோட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஆங்கிலேயர் ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை இந்தத் தோட்டத்தில்தான் சோதித்துப் பார்த்தார். ரப்பர் பயிரிடுங்கள் என்று அவர் தோட்ட முதலாளிகளை நச்சரித்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர் வாங்கினாராம். பட்டையில் மீன்முள் மாதிரி கோடுகள் கீறிய மரத்தின் படத்தைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார்.

அம்மா கல்யாணத்துக்கு முன்பு பன்னிரண்டு வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். "நாங்க இப்படி ரெண்டு பக்கமும் வெட்ட மாட்டோம். ஒரே கோடு, இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ" என்று காற்றில் கத்தி பிடித்துக் காட்டினார். மணிக்கட்டு ஒரே சீராகச் சரிந்து இறங்கியது. "ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், கங்காணிகிட்ட ஏச்சு. மேலோட்டமா வெட்டினா மங்குக் கிண்ணத்துல பால் விழாது." வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு (தன் மர வரிசைக்கு) போனது, மறுநாள் வெட்டில் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போட்டது என்று பேச்சு நீண்டது. மகன் வாயைப் பிளந்து கேட்டான். இதில் பாதி எனக்கே புதிது.

"இந்த வெள்ளைக்காரர்தான் ஆரம்பிச்சு வச்சாரா?" என்று படத்தை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். "அவருக்கு என்ன, ஒரு மரம் வெட்டிப் பார்த்தாரு. எனக்கு ஒரு நாளைக்கு நானூறு."

அன்ன ஏரிக்குப் போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை ஒன்றுதான். மகன் வழியெல்லாம் அந்தக் குடைக்கம்பியில் விரலால் சரிவாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தான், இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே.