ஸீபிரஷ் மல்டி மேப் எக்ஸ்போர்ட்டர்: முகம் வீங்கினால் எங்கே பார்க்க வேண்டும்

கிழவர் முகம் ஒன்று, கண்ணோரச் சுருக்கம், மூக்கின் மேல் துளைகள் என்று ஸீபிரஷ் என்ற 3டி சிற்ப மென்பொருளில் ஒரு வாரம் உட்கார்ந்து செதுக்கியது. அந்த நுணுக்கத்தை மல்டி மேப் எக்ஸ்போர்ட்டரில் டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப்பாக, அதாவது எந்த இடம் எவ்வளவு வெளியே, உள்ளே போக வேண்டும் என்று சொல்லும் படமாக எடுத்தேன். அதை மாயா என்ற 3டி மென்பொருளுக்குக் கொண்டுபோய், இறுதிப் படத்தை உருவாக்கும் ஆர்னால்டில் ரெண்டர் போட்டால் தேனீ கொட்டியது போல முகம் முழுக்க வீங்கி நிற்கிறது, காதுக்குப் பின்னால் தையல் வேறு பிளந்திருக்கிறது. எக்ஸ்போர்ட்டர்தான் சொதப்பிவிட்டது என்று நினைத்தேன். அது தப்பு, கோளாறு முழுக்க நான் வைத்த செட்டிங்கில்.

வீக்கத்துக்குக் காரணம் மிட் மதிப்பு, அதாவது மேப்பில் 'அசையாதே' என்பதைக் குறிக்கும் எண். 32 பிட் இஎக்ஸ்ஆர் என்ற படக் கோப்பில் 0-க்குக் கீழேயும் எண் எழுதலாம், அதனால் மிட்டை 0 வைத்தால், 0 என்றால் அந்த இடம் அசையாது, கூட்டல் என்றால் வெளியே வரும், கழித்தல் என்றால் உள்ளே போகும். நான் மிட்டை 0.5 வைத்து மேப் எடுத்துவிட்டு, ஆர்னால்டில் அதற்கு இணையான ஸ்கேலார் ஜீரோ வேல்யூவை 0 என்றே விட்டிருந்தேன். முகம் மொத்தமும் அரை யூனிட் வெளியே தள்ளிவிட்டது. இரண்டு பக்கமும் 0 வைத்தால் போதும். மேப்பின் கலர் ஸ்பேஸ் கட்டாயம் ரா, அதாவது எண்ணை மாற்றாமல் அப்படியே படிப்பது; சாதாரணப் படங்களுக்கான எஸ்ஆர்ஜிபி என்று படித்தால் 0.5 என்ற மதிப்பே சுமார் 0.21 ஆகிவிடும், அப்புறம் எந்தக் கணக்கும் ஒத்துவராது.

தையல் பிளந்தது ஸ்மூத் யூவியால். யூவி என்பது உருவத்தின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம், அதன் ஓரங்கள் சேரும் இடம்தான் தையல். அதை மென்மையாக்கும் இந்த செட்டிங் ஸீபிரஷ்ஷில் ஒரு மாதிரியும் ரெண்டரில் வேறு மாதிரியும் இருந்தால் யூவி ஓரங்கள் இடம் மாறிப்போகும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: செதுக்கச் செதுக்க முதல் லெவலும், அதாவது நுணுக்கம் மிகக் குறைந்த அடிப்படை மெஷ்ஷும் (உருவத்தின் வலைப்பின்னல்) கொஞ்சம் நகர்ந்துவிடும். ஆரம்பத்தில் இறக்கிய பழைய மெஷ்ஷில் மேப்பை மாட்டினால் இமை, உதடு எல்லாம் லேசாக விலகித் தெரியும். மேப் எடுக்கும் அதே நேரத்தில் லெவல் 1 மெஷ்ஷையும் வெளியே எடுத்து அதையே ரெண்டருக்குப் பயன்படுத்துங்கள்.

கன்னத்தில் படிக்கட்டு தெரிந்தால் மேப் 8 பிட்டா என்று பாருங்கள், 256 படிகளில் மென்மையான வளைவு அடங்காது. மேப் தலைகீழாக உட்கார்ந்தால் எக்ஸ்போர்ட்டரில் ஃபிளிப் வி செட்டிங்கை மாற்றுங்கள். உருவம் அங்கங்கே வெட்டுப்பட்டது போல வந்தால் ஆர்னால்டில் உருவத்தைச் சுற்றி விடும் கூடுதல் இடமான பவுண்ட்ஸ் பேடிங்கைக் கூட்டுங்கள்.

இத்தனையும் சரியாக அமைந்துவிட்டால் இந்த எக்ஸ்போர்ட்டர் தங்கமான கருவி. கண், பல், உடை என்று சப்டூல் (தனித்தனிப் பாகங்கள்) நிறைய இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டத்தில் எடுத்துக் கொடுக்கிறது, யூடிம் (யூவியைப் பல கட்டங்களாகப் பிரிக்கும் முறை) போட்டிருந்தால் 1001, 1002 என்று கோப்புக்குப் பெயரும் வைத்துவிடுகிறது. மேப்பின் துல்லியத்தைக் கூட்டும் டிபி சப்பிக்ஸைக் கூட்டினால் மட்டும் நேரம் நிறைய எடுக்கும், சோதனைக்கு 0 போதும்.

கிழவர் முகத்தை மறுபடி எடுத்தேன். மூக்கின் துளை ஒன்றுவிடாமல் வந்துவிட்டது.